எம்.ஓ.ரி. பாஸ் செய்த காருக்கு எதற்கு ரீகோல்?

கேள்வி:

நாங்கள் ஹரோவில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் தனியார் ஒருவரிடம் 2012ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்கினோம். சின்ன பிரெஞ்சுக் கார். மகள் லைசென்ஸ் எடுத்ததும் அவளுக்கென்று வாங்கியது. இதுவரை ஒரு கரைச்சலும் தரவில்லை. போன மாதம் எம்.ஓ.ரி. வருடாந்தச் சோதனையும் ஒரு குறையும் எழுதாமல் பாஸ் ஆனது. போன கிழமை மகளின் சிநேகிதி சொன்னாள் என்று காரின் நம்பரை இணையத்தில் அடித்துப் பார்த்தோம். எயார்பாக் ரீகோல் ஒன்று செய்யப்படாமல் கிடக்கிறதாம், திருத்தும் வரை காரை எடுக்கவே வேண்டாமாம். எங்களுக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. முகவரிடம் கேட்டால் ஐந்து கிழமை கழித்துத்தான் நாள் தருகிறார்கள். என் கணவர், “பதின்மூன்று வருஷமாக ஒன்றும் ஆகாத கார், இந்த ஐந்து கிழமையிலோ வெடிக்கப்போகுது?” என்கிறார். தெரிந்த கராஜ்காரத் தம்பி ஒருவர், எயார்பாக்கின் ஃபியூசைக் கழற்றிவிட்டால் பயமில்லை என்கிறார். பேசாமல் வந்த விலைக்கு விற்றுவிடுவோமா என்றும் யோசிக்கிறோம். என்ன செய்வது?

– வாசகி, ஹரோ

பதில்:

முதலில், மகளை அந்தக் காரில் அனுப்பாதீர்கள், சகோதரி. நீங்களும் ஓட்டவேண்டாம். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம்.

ரீகோல், அதாவது கோளாறுள்ள காரை நிறுவனம் திரும்ப அழைப்பது, என்றதும் எல்லாவற்றுக்கும் இப்படிச் சொல்லமாட்டேன். பெரும்பாலான ரீகோல் கடிதங்கள், “வசதியான நாளில் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்” என்ற வகைதான். அதுவரை ஓட்டலாம். சிலவற்றில் நிபந்தனை இருக்கும். 2020இல் ஃபோர்ட் கூகா பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் பற்றரிகள் தீப்பிடித்தபோது, ஓட்டுங்கள், ஆனால் சார்ஜ் போடாதீர்கள் என்றார்கள். மூன்றாவது வகை, சாவியை எடுத்து வைத்துவிடச் சொல்வது. அப்படி ஒன்றை வெளியிட எந்த நிறுவனமும் கடைசிவரை தயங்கும். செலவு, கோபக்கார வாடிக்கையாளர், பத்திரிகைத் தலைப்பு எல்லாம் ஒன்றாக வரும். அத்தனையையும் மீறி “ஓட்டாதே” என்று எழுதுகிறார்கள் என்றால், எழுதாமல் விடுவது அதைவிட மோசம் என்று அவர்களுடைய பொறியியலாளர்களும் வழக்கறிஞர்களும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

நீங்கள் காரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வயதும் அறிவிப்பும் 2009 முதல் 2019 வரை தயாரான சிற்றோன் சி3, டிஎஸ்3 கார்களுக்குப் பொருந்துகின்றன. 2025 ஜூனில் பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஒரு விபத்தில், சி3 ஒன்றின் எயார்பாக் வெடித்து அதை ஓட்டிய பெண் இறந்தார். அதே மாதம் 20ஆம் திகதி பிரித்தானியாவில் இருந்த ஏறத்தாழ 1,20,000 கார்களுக்கு உடனடியாக ஓட்டத்தை நிறுத்தும்படி அறிவிப்பு வந்தது. தென் ஐரோப்பிய நாடுகளில் இதே அறிவிப்பு 2024இலேயே வந்துவிட்டது. அங்கே முதலில் வந்ததற்குக் காரணம் வெப்பம். உங்கள் கணவரின் கேள்விக்குப் பதிலும் அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கார்களின் எயார்பாக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேற்றரைச் செய்தது ஜப்பானின் தக்காட்டா நிறுவனம். இன்ஃப்ளேற்றர் என்பது கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் குப்பி. அதற்குள் வில்லைகளாக அழுத்திய இரசாயனம் இருக்கும். மோதல் நடந்ததும் அது பற்றி வாயுவாகி, ஒரு விநாடியின் 25இல் ஒரு பங்கு நேரத்துக்குள் பையை நிரப்பிவிடும். 2000ஆம் ஆண்டையொட்டி தக்காட்டா இந்த இரசாயனத்தை மாற்றி அமோனியம் நைத்திரேற்றுக்குப் போனது. அது மலிவு. ஆனால் ஈரத்தை இழுக்கும். அதோடு 32 பாகை செல்சியசை ஒட்டி அதன் படிக அமைப்பே மாறும், மாறும்போது கன அளவும் கூடிக் குறையும். ஒவ்வொரு கோடையிலும் பகலில் விரிந்து இரவில் சுருங்கி, கூடவே கொஞ்சம் ஈரத்தையும் குடித்து, வில்லைகள் மெல்ல மெல்ல வெடிப்பு விட்டுப் பொடியாகின்றன.

பொடியானால் என்ன? கொள்ளிக்கட்டை ஆறுதலாக எரியும், அதையே சிராயாகச் சீவிப் போட்டால் பக்கென்று பற்றும். அவ்வளவுதான் வித்தியாசம். இரசாயனம் அதேதான், அளவும் அதேதான், எரியும் வேகம்தான் வேறு. அந்த வேகத்தைத் தாங்கும்படி குப்பி செய்யப்படவில்லை. அது பிளந்து, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் இருப்பவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்கின்றன. உலகம் முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இப்படி இறந்திருக்கிறார்கள். அவர்களில் பலர், அந்தக் குப்பி ஒழுங்காக வேலை செய்திருந்தால் சிறு காயத்தோடு இறங்கி நடந்திருக்கக்கூடிய விபத்துகளில் சிக்கியவர்கள்.

ஆகவே கணவரிடம் சொல்லுங்கள்: பதின்மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தக் கோளாறில் ஆறுதலுக்குரிய செய்தி அல்ல. பதின்மூன்று கோடையும் அந்த வில்லைக்குள்தான் சேர்ந்திருக்கின்றன. லண்டன் என்ன யாழ்ப்பாணமா, இங்கே எங்கே வெயில் என்று கேட்பார். 2022 ஜூலை 19ஆம் திகதி ஹீத்ரோவில் 40.2 பாகை பதிவானதை நினைவூட்டுங்கள். வெயிலில் பூட்டிக் கிடந்த காருக்குள் அன்று எவ்வளவு இருந்திருக்கும்? அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரையான சில ஹொண்டா, அக்கியூரா கார்களின் பழைய தக்காட்டா குப்பிகளைச் சோதித்தபோது, மோதலில் அவை வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருப்பதாக அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2016இல் எச்சரித்தது. உங்கள் கார் அந்த ரகம் அல்ல, அந்த வீதமும் அதற்குப் பொருந்தாது. ஆனால் வயது கூடக் கூட ஆபத்துக் கூடும் என்ற கணக்கு மாறாது.

எம்.ஓ.ரி. இதை ஏன் பிடிக்கவில்லை? பிடிக்க முடியாது. எம்.ஓ.ரி. பார்ப்பது தேய்மானம்: ரயர், பிரேக், லைற், துரு, புகை. எயார்பாக் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் காரில் அது எரியாது, ஏனென்றால் மின்சுற்று நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போயிருப்பது மூடி முத்திரையிட்ட குப்பிக்குள் இருக்கும் பொருள். அதை எந்தக் கராஜ்காரரும் எட்டிப் பார்க்க வழியில்லை. ரீகோல் நிலுவையில் இருப்பது எம்.ஓ.ரி.யில் தோல்விக்குக் காரணமும் அல்ல. இது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. ஜேர்மனியில் உங்கள் உறவினர் யாரும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே பாரதூரமான ரீகோலுக்குப் போகாத காரின் ஓட்ட உரிமையையே நிறுத்தமுடியும். இங்கே எல்லாம் உரிமையாளரின் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறது.

இனிக் கராஜ்காரத் தம்பியின் யோசனை. அவரைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை, உதவிக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஃபியூசைக் கழற்றினால் பெல்ற் இழுப்பான் உட்பட மற்றப் பாதுகாப்புகளும் சேர்ந்து போகலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்து, அடுத்த எம்.ஓ.ரி.யில் அதற்காகவே தோற்பீர்கள். எந்த விபத்துக்குப் பயந்து கழற்றுகிறீர்களோ அதே விபத்தில் மகளின் முன்னால் ஒன்றுமே இருக்காது. ஸ்டியரிங்கிலிருந்து எயார்பாக்கையே கழற்றித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் இன்னும் மோசம். அது வெடிபொருள். வீட்டு வாசலில் வைத்துத் தொடக்கூடாது.

ஃபியூசோடு விளையாடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஏழு பேர் இருக்கலாம், விலையும் குறைவு என்று நம்மவர்கள் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு காலத்தில் ஓட்டித் திரிந்த வொக்ஸோல் ஸஃபீரா பி காரின் கதை அது. 2015 இலையுதிர்காலத்தில், ஓடிக்கொண்டிருந்த ஸஃபீராக்கள் டாஷ்போர்டின் இடப்பக்கத்திலிருந்து தீப்பற்றி எரிந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கி, சில நிமிடத்தில் கார் கூடாகிப் போவதைப் பார்த்து நின்ற தாய்மார் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துச் சேர்ந்த பிறகுதான் விஷயம் பெரிதானது.

காரணம் ஹீற்றர் விசிறி. விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அது வேலை செய்யும்போது சூடாகும். விசிறியின் காற்றே அதைக் குளிர்விக்கும், அப்படித்தான் வடிவமைப்பு. காலப்போக்கில் ஈரம் இறங்கி விசிறி மோட்டார் துருப்பிடித்து இறுகினால், மோட்டார் கூடுதல் மின்னை இழுக்கும், காற்றோ குறையும். ரெசிஸ்டர் கொதிக்கும். சுற்றிலும் பிளாஸ்டிக். இதைத் தடுக்க அதில் ஒரு வெப்ப ஃபியூஸ் வைத்திருந்தார்கள். சூடு மிஞ்சினால் அதன் ஈயப்பற்று உருகி இணைப்பு அறும். அறுந்ததும் விசிறி நின்றுவிடும். இங்கேதான் மனிதக் கை நுழைந்தது. குளிர்காலத்தில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று வந்த காருக்கு, புதிய பாகம் வாங்காமல் அந்த இடத்தைத் திரும்ப ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள் சிலர். ஹீற்றர் வேலை செய்தது. காப்புத்தான் போய்விட்டது.

நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. குற்றம் அனுமதியில்லாத திருத்த வேலையில்தான் என்றது. 2015 இறுதியில் 2,30,000க்கும் மேற்பட்ட கார்களை அழைத்து ரெசிஸ்டரையும் ஃபியூசையும் பார்த்தார்கள். அதன் பிறகும், அந்தத் திருத்தம் செய்த கார்கள்கூட எரிந்தன. 2016 மே மாதம் இரண்டாவது ரீகோல் வந்தபோதுதான் மோட்டாரையும் மாற்றினார்கள். நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு நிறுவன அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்து, 2017 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. திருத்தியவர்கள்மேல் பழியைப் போடுவதில் நிறுவனம் காட்டிய அவசரத்தை மூலகாரணத்தைத் தேடுவதில் காட்டவில்லை, இடைக்காலத்தில் மக்களைத் தொடர்ந்து ஓட்டவிட்டது என்று அது கடுமையாகவே சொன்னது. என் பார்வையில் இரண்டு தரப்பிலும் பிழை உண்டு. ஆனால் ஒரே அளவில் அல்ல. ஒட்டிக் கொடுத்த மெக்கானிக்குக்குத் தெரிந்தது ஒரு கார். நிறுவனத்தின் மேசையில் அத்தனை கார்களின் கோப்பும் இருந்தது.

ஸஃபீராவிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்று: “இந்தக் காருக்கு ரீகோல் வேலை முடிந்துவிட்டது” என்று விற்பவர் சொன்னால், எந்த ரீகோல் என்று கேளுங்கள். முதலாவது முடிந்த கார் இரண்டாவதற்குப் போயிராமல் இருக்கலாம்.

அடுத்தது, ஏன் கடிதம் வரவில்லை? இங்கே கார் நிறுவனம், வாகனங்களைப் பதியும் டி.வி.எல்.ஏ.யின் பதிவில் உள்ள பெயருக்கும் விலாசத்துக்கும்தான் எழுதும். டி.வி.எஸ்.ஏ. என்ற அரச அமைப்பு அதை மேற்பார்வை செய்யும். வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் யார் பெயர், எந்த வீட்டு இலக்கம் இருக்கிறதோ அங்கேதான் கடிதம் போகும். நம்மவர்களில் எத்தனை பேர் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹேய்ஸுக்கு வீடு மாறியும் வி5சியை மாற்றவில்லை? காப்புறுதிக் கட்டணம் குறையும் என்று மச்சானின் மில்டன் கீன்ஸ் விலாசத்தில் பதிந்த கார்கள் எத்தனை? (அது வேறொரு குற்றம், இன்னொரு நாள் பேசுவோம்.) விலாசம் மாற்றாததற்கே 1,000 பவுண் வரை தண்டம் இருக்கிறது. மச்சான் வீட்டு வாசலில் பீட்சா விளம்பரங்களோடு சேர்த்து எறியப்பட்ட கடிதம்தான் அதைவிடப் பெரிய தண்டம். உங்கள் வி5சியை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் ‘E’ என்ற எழுத்துக்கு நேரே 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட சசி நம்பர் இருக்கும், முன்கண்ணாடியின் கீழ்மூலையிலும் தெரியும். நிறுவனத்தின் தளத்தில் அதைக் கொடுத்துப் பார்ப்பதுதான் மிக உறுதியான வழி. அரசின் எம்.ஓ.ரி. வரலாற்றுப் பக்கத்தில் கார் நம்பரைப் போட்டாலும் நிலுவை ரீகோல் தெரியும். கார் வாங்கப் போகிறவர்கள் காசு எண்ணுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டும் இலவசம்.

நிறுவனம் தானாகச் சொல்லும் என்று காத்திருப்பது எப்போதும் போதாது என்பதற்கு பி.எம்.டபிள்யூ. விவகாரத்தையும் சொல்லவேண்டும். 2016 நத்தார் தினத்தன்று ஹாம்ப்ஷயரில், மின்சாரம் முழுதாகச் செத்து விளக்கே இல்லாமல் இருட்டு வீதியில் நின்ற பி.எம்.டபிள்யூ. ஒன்றில் மோதாமல் திருப்பிய கார் மரத்தில் மோதி, ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர் ஒருவர் உயிரிழந்தார். பற்றரியிலிருந்து வரும் முதன்மை வயரின் இணைப்பு அரிபட்டுப் போவதுதான் கோளாறு. இதே கோளாறுக்காக அமெரிக்காவில் 2013இலேயே 5 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்திருந்தார்கள். இங்கே 2017இல் 36,000 சொச்சம் கார்களோடு தொடங்கி, மரண விசாரணையில் விஷயம் வெளியான பிறகு 2018 மே மாதம்தான் அது 3,12,000 ஆக விரிந்தது. இறந்தவர் கோளாறு இருந்த அந்த பி.எம்.டபிள்யூ. காரின் உரிமையாளரும் அல்ல, அதில் இருந்தவரும் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அந்த ஐந்து கிழமை. ரீகோல் வேலைக்கு ஒரு சதமும் வாங்கக்கூடாது. கார் எத்தனை வயதானாலும், நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் ஆனாலும் இலவசம்தான். முகவரின் தொலைபேசியோடு நிற்காமல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: “ஓட்டவேண்டாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மகள் வேலைக்குப் போகவேண்டும். மாற்றுக் கார் தருகிறீர்களா, வீட்டுக்கு வந்து மாற்றுகிறீர்களா, கிட்ட உள்ள வேறு முகவரிடம் முந்திய நாள் உண்டா?” மாற்றுக் கார் தரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் கேட்பவருக்குக் கிடைப்பதும் கேட்காதவருக்குக் கிடைக்காததும் நான் அடிக்கடி காண்பது. ஐந்து கிழமை செலவான பஸ், ஊபர் ரசீதுகளையும் வைத்திருங்கள். காரை முகவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தால் ஏற்றிச் செல்ல ஏற்பாடு கேளுங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இழுத்தடித்தால் டி.வி.எஸ்.ஏ.க்கு முறையிடலாம். ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தை ஓட்டினால் 2,500 பவுண் வரை தண்டமும் லைசென்ஸில் 3 புள்ளியும் வரலாம். புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு முதல் இரண்டு வருடத்தில் 6 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் போய்விடும் என்பதை மகளுக்கும் சொல்லிவையுங்கள். காப்புறுதி நிறுவனமும், ஓட்டாதே என்ற அறிவிப்பு தெரிந்தும் ஓட்டியதாகக் கண்டால் சும்மா விடாது.

ஊரில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவித்து இறக்குமதியானவை. பழைய ஹொண்டா ஃபிட், சிவிக், ரொயோட்டா கொரொல்லா, விட்ஸ் ஆகியவற்றில் பலவற்றுக்குத் தக்காட்டா ரீகோல் இருந்தது. ஜப்பானில் கடிதம் போனது முதல் உரிமையாளருக்கு. அதன் பிறகு கார் கப்பலேறி, கொழும்பில் கைமாறி, வவுனியாவுக்கு வந்திருக்கும். வெயிலும் ஈரமும் அங்கே லண்டனைவிட எவ்வளவோ மடங்கு. அதே காலநிலை உள்ள மலேசியாவில் ஹொண்டா கார்களில் இதே குப்பியால் பலர் இறந்திருக்கிறார்கள். சசி நம்பரை வட்ஸ்அப்பில் எடுத்து, நிறுவனத்தின் தளத்திலோ உள்ளூர் முகவரிடமோ நீங்கள்தான் பார்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும். இந்தியாவில் நிலைமை கொஞ்சம் திருந்தியிருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், நிறுவனங்களை ரீகோல் செய்யக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது, விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஆனால் அந்தக் கட்டாயம் ஏழு வயதுக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான். தக்காட்டா குப்பியின் ஆபத்தோ அந்த வயதுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போகும்.

கடைசியாக, விற்பது. வீதியில் ஓடத் தகுதியில்லாத நிலையில் வாகனத்தை விற்பது, தனியாள் விற்றாலும் இங்கே குற்றம். ரீகோல் இருப்பதைத் தெரிந்துகொண்டு, எல்லாம் சரி என்று சொல்லி விற்றால் வாங்கியவர் உங்களைத் தேடி வரமுடியும். சொல்லி விற்றால் பாதி விலைகூடக் கேட்கமாட்டார்கள். திருத்தம் இலவசமாக இருக்கும்போது ஏன் அந்த நட்டம்? ஐந்து கிழமைக்குப் பிறகு கிடைத்த அந்த நாளை விடவேண்டாம், உறுதிசெய்துகொண்டு கூடவே ரத்துப் பட்டியலிலும் பெயரைக் கொடுங்கள். யாராவது வராமல் விட்டால் முதலில் கூப்பிடுவார்கள். புதிய குப்பி பூட்டியதும் எழுத்தில் உறுதிப்பத்திரம் வாங்கி வி5சியோடு வையுங்கள், சில நாள் கழித்து அதே தளத்தில் நம்பரை அடித்து நிலுவை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்காவிட்டால் முகவர் வேலையைப் பதியவில்லை என்று அர்த்தம், உடனே கேளுங்கள். அதன் பிறகும் விற்க விருப்பமென்றால், நல்ல விலைக்கே விற்கலாம்.